எரிமலைச் சாம்பல் காலவரிசையியல்

எரிமலைச் சாம்பல் காலவரிசையியல் என்பது எரிமலை வெடிப்பின்போது வெளிப்பட்டுப் பரவிப் படிந்த சாம்பல், நுரைக்கல் போன்ற பொருட்களின் அடுக்குகளைக் கால அடையாளங்களாகக் கொண்டு, அவற்றுக்கு மேலும் கீழும் உள்ள படிவுகளின் அகவையைக் கணிக்கும் முறையாகும். புவியியல், தொல்லியல், கடலியல், தொல்காலநிலையியல் ஆகிய துறைகளில் இம்முறை பயன்படுகின்றது. நிலத்தடியிலும் கடலடியிலும் உள்ள இயற்கை எரிவாயுப் படிவுகளை ஆராய்வோர், வாயுவைத் தாங்கியிருக்கும் படிவுகள் எப்போது உருவாயின என்பதை அறியவும், ஒரு துளைக்கிணற்றின் அடுக்குகளை மற்றொன்றின் அடுக்குகளோடு பொருத்திப் பார்க்கவும் இதனைக் கையாள்கின்றனர்.

இந்தியாவைப் பொறுத்தவரை இம்முறைக்கு இரண்டு சிறந்த எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஒன்று, சுமாத்திராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது துணைக்கண்டம் முழுவதும் படிந்த சாம்பல் அடுக்கு. மற்றொன்று, 2006 ஆம் ஆண்டில் அந்தமான் கடலடியில் துளையிட்டபோது வெளிப்பட்ட, மீத்தேன் ஐதரேட்டைத் தாங்கிய சாம்பல் அடுக்குகள்.

பெயரும் கலைச்சொற்களும்

எரிமலை வெடிப்பில் காற்றில் வீசப்பட்டு விழும் திண்மப் பொருட்கள் அனைத்தையும் குறிக்கும் பொதுச்சொல் தெப்ரா என்பதாகும். சாம்பல் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதனை ஐசுலாந்து நாட்டுப் புவியியலாளர் சிகுர்துர் தோராரின்சன் 1944 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். ஐசுலாந்தின் கரிமண் படிவுகளில் காணப்பட்ட சாம்பல் அடுக்குகளை ஆண்டு தெரிந்த வெடிப்புகளுடன் பொருத்தி, கைவிடப்பட்ட பண்ணைகளின் காலத்தை அவர் கணித்தார்.

தெப்ரா துகள்கள் அளவைப் பொறுத்து வகைப்படுத்தப்படுகின்றன. 2 மில்லிமீட்டருக்கும் குறைவானவை சாம்பல் எனவும், 2 முதல் 64 மில்லிமீட்டர் வரை உள்ளவை எரிமலைப் பரல்கள் எனவும், அதற்கும் பெரியவை எரிமலைக் குண்டுகள் அல்லது பாளங்கள் எனவும் அழைக்கப்படுகின்றன. எரிமலைச் சாம்பல் என்பது விறகுச் சாம்பலைப் போல எரிந்து எஞ்சிய பொருள் அன்று. பாறைக்குழம்பு நொடிப்பொழுதில் உடைந்து குளிர்வதால் உண்டாகும் கண்ணாடித் துணுக்குகளும் கனிமப் படிகங்களும் சேர்ந்ததே அதுவாகும்.

நுரைக்கல் என்பது வாயுக்குமிழிகள் நிறைந்த பாறைக்குழம்பு அப்படியே உறைந்து உண்டாகும் எடை குறைந்த கல்லாகும். கால் தேய்க்கப் பயன்படும் மிதக்கும் கல் இவ்வகையைச் சேர்ந்ததே. நுரைக்கல்லின் குமிழிச் சுவர்கள் மேலும் நொறுங்கும்போது கண்ணாடிச் சாம்பல் உண்டாகின்றது. எனவே நுரைக்கல்லும் நுண்சாம்பலும் ஒரே பாறைக்குழம்பின் இரு வடிவங்கள் எனலாம்.

அடிப்படைக் கொள்கை

படிவுகள் கீழிருந்து மேலாகப் படிகின்றன. குலைவு ஏற்படாத இடத்தில் கீழே உள்ளது மூத்தது, மேலே உள்ளது இளையது. இது புவியியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆனால் இவ்விதி வரிசையை மட்டுமே கூறும். எத்தனை ஆண்டுகள் என்பதைக் கூறாது.

எரிமலைச் சாம்பல் அடுக்கு இக்குறையை நிறைவு செய்கின்றது. பெரும் வெடிப்பு ஒன்று சில மணி நேரங்களில் அல்லது சில நாட்களில் முடிந்துவிடும். காற்றில் ஏறிய சாம்பலின் பெரும்பகுதி சில நாட்களிலோ வாரங்களிலோ நிலத்திலும் கடலிலும் விழுந்துவிடும். பல்லாயிரம் ஆண்டுகளை அளக்கும் புவியியல் கணக்கில் இது ஒரு கணமே. எனவே ஒரே வெடிப்பின் சாம்பல் ஆற்றுப் படுகையில் கிடைத்தாலும், ஏரியடியில் கிடைத்தாலும், ஆழ்கடலில் கிடைத்தாலும் அவ்விடங்கள் அனைத்திலும் அவ்வடுக்கு ஒரே காலத்தைக் குறிக்கும். இத்தகைய அடுக்கு சமகால அடுக்கு எனப்படுகின்றது. ஓரிடத்தில் அதன் அகவையைத் துல்லியமாகக் கணித்துவிட்டால், அதே அடுக்கு கிடைக்கும் பிற இடங்கள் அனைத்துக்கும் அவ்வகவை பொருந்தும்.

நுரைக்கல் அடுக்கும் சாம்பல் அடுக்கும்

எரிமலைக்கு அருகில் தடித்த நுரைக்கல் அடுக்குகள் காணப்படும். தொலைவு கூடக்கூடத் துகள்களின் அளவும் அடுக்கின் தடிப்பும் குறையும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் காற்று கொண்டு சேர்ப்பது நுண்சாம்பல் மட்டுமே. இக்காரணத்தால் சுமாத்திராவில் தோபா வெடிப்பின் படிவுகள் நுரைக்கற்களுடன் பெருந்தடிப்பில் காணப்பட, இந்தியாவில் அவை வெண்ணிற மாவு போன்ற சாம்பலாகக் காணப்படுகின்றன.

கடற்படிவுகளில் நுரைக்கல்லைக் கால அடையாளமாகக் கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. நுரைக்கல் மிதக்கும் தன்மை கொண்டது. 1883 ஆகத்து மாதத்தில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது உண்டான நுரைக்கல் திட்டுகள் இந்தியப் பெருங்கடலில் மாதக்கணக்கில் மிதந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை வரை சென்றன. நீரில் ஊறி எடை கூடிய பின்னரே அவை ஒவ்வொன்றாக மூழ்கும். கரையில் ஒதுங்கிய நுரைக்கல்லை அலைகளும் வெள்ளமும் மீண்டும் அள்ளிச் சென்று வேறிடத்தில் சேர்க்கவும் கூடும். எனவே ஆழ்கடல் உள்ளகத்தில் தனித்துக் கிடைக்கும் ஒரு நுரைக்கல், அது கிடைத்த படிவின் காலத்தைச் சுட்டும் என உறுதியாகக் கொள்ள இயலாது. அப்படிவு நுரைக்கல்லை விட மூத்ததாக இருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. தொடர்ச்சியான நுரைக்கல் படுகையோ நுண்சாம்பல் அடுக்கோ இருந்தால் மட்டுமே அது நம்பத்தக்க கால அடையாளமாகும்.

அடுக்கை அடையாளம் காணல்

ஒரு பகுதியில் பல வெடிப்புகளின் சாம்பல் அடுக்குகள் இருக்கலாம். வெறும் கண்ணுக்கு அவை ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்தறியக் கீழ்க்காணும் பண்புகள் பயன்படுகின்றன.

கண்ணாடித் துணுக்குகளின் வேதியியல் இயைபு: ஒவ்வொரு வெடிப்பின் பாறைக்குழம்பிலும் சிலிக்கா, பொட்டாசியம், இரும்பு, கால்சியம் முதலியவற்றின் விகிதம் சற்றே மாறுபடும். மின்னணு நுண்பகுப்பாய்வுக் கருவி கொண்டு ஒவ்வொரு துணுக்கையும் தனித்தனியே அளக்கலாம். இது சாம்பலின் கைரேகை போன்றது.

சுவட்டுத் தனிமங்கள்: பத்து இலட்சத்தில் சில பங்குகளே உள்ள உருபீடியம், இசுட்ரோன்சியம், பேரியம், அருமண் தனிமங்கள் ஆகியவை, முதன்மைத் தனிமங்களால் பிரிக்க இயலாத வெடிப்புகளையும் பிரித்துக் காட்டும்.

கனிமங்கள்: பயோடைட்டு, சிர்க்கான், சனிடைன் போன்ற படிகங்கள் உள்ளனவா, எவ்விகிதத்தில் உள்ளன என்பதும் அடையாளமாகும்.

துணுக்குகளின் வடிவம்: குமிழிச் சுவரின் உடைந்த வளைவு, நீண்ட குழல் போன்ற அமைப்பு ஆகியவை வெடிப்பின் தன்மையைக் காட்டும்.

எடுத்துக்காட்டாக, தோபா சாம்பலின் கண்ணாடியில் சிலிக்கா ஏறத்தாழ 77 விழுக்காடு உள்ளது. இது இரயோலைட்டு வகை. அந்தமானில் உள்ள பேரன் தீவு எரிமலை வெளியிடுவதோ கருநிறப் பசால்ட்டு வகைச் சாம்பல். ஒரே கடலில் அடுத்தடுத்துப் படிந்திருந்தாலும் இவ்விரண்டையும் எளிதில் வேறுபடுத்தலாம்.

அகவை கணித்தல்

சாம்பல் அடுக்கின் அகவையை நேரடியாகக் கணிக்கப் பொட்டாசியம்-ஆர்கான் முறையும் அதன் மேம்பட்ட வடிவமான ஆர்கான்-ஆர்கான் முறையும் பெரிதும் பயன்படுகின்றன. பொட்டாசியம்-40 என்னும் கதிரியக்க ஓரிடத்தானின் ஒரு பகுதி ஆர்கான்-40 ஆகச் சிதைகின்றது. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். உருகிய பாறைக்குழம்பிலிருந்து ஆர்கான் வாயு வெளியேறிவிடும். வெடிப்பின் பின் படிகம் குளிர்ந்ததும் புதிதாக உண்டாகும் ஆர்கான் படிகத்துக்குள் சிறைப்படும். அதாவது வெடிப்பின்போது கடிகாரம் சுழியத்திலிருந்து தொடங்குகின்றது. சிறைப்பட்ட ஆர்கானின் அளவிலிருந்து வெடிப்பின் காலம் கணிக்கப்படுகின்றது.

சிர்க்கான் படிகங்களில் யுரேனியம்-ஈய முறையும், கண்ணாடியில் யுரேனியப் பிளவுத் தட முறையும் கையாளப்படுகின்றன. சாம்பலை ஒட்டிய படிவுகளில் உள்ள மணலை ஒளித்தூண்டல் ஒளிர்வு முறையாலும், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு உட்பட்ட உயிர்ப்பொருட்களைக் கதிரியக்கக் கார்பன் முறையாலும் கணித்துச் சரிபார்க்கலாம்.

படிவு வீதக் கணக்கு

சாம்பல் அடுக்குகளுக்கு இடைப்பட்ட படிவுகளின் அகவை, படிவு வீதத்தின் மூலம் கணிக்கப்படுகின்றது. இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். கடலடி உள்ளகம் ஒன்றில் 74,000 ஆண்டு அகவையுள்ள சாம்பல் அடுக்கு 7.4 மீட்டர் ஆழத்திலும், 7,88,000 ஆண்டு அகவையுள்ள மற்றொரு அடுக்கு 63 மீட்டர் ஆழத்திலும் கிடைப்பதாகக் கொள்வோம்.

மேல் அடுக்கு வரையான படிவு வீதம்: 740 செ.மீ. ÷ 74 = ஆயிரம் ஆண்டுக்கு 10 செ.மீ.

இரு அடுக்குகளுக்கு இடைப்பட்ட வீதம்: (6,300 − 740) ÷ (788 − 74) = ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.8 செ.மீ.

இவ்விரு அடுக்குகளுக்கு இடையே எந்த ஆழத்துக்கும் நம்பத்தக்க அகவையைக் கூறலாம். ஆனால் அதே உள்ளகத்தில் 600 மீட்டர் ஆழத்தில் வாயுப் படிவு இருப்பின், அதன் அகவையைக் கூற இக்கணக்கை வெகுதூரம் நீட்ட வேண்டும். முதல் வீதத்தைக் கொண்டால் 60 இலட்சம் ஆண்டுகள் என்றும், இரண்டாம் வீதத்தைக் கொண்டால் ஏறத்தாழ 77 இலட்சம் ஆண்டுகள் என்றும் விடை வரும். 17 இலட்சம் ஆண்டு வேறுபாடு சிறியதன்று. ஆழத்தில் படிவுகள் தம் மேலுள்ள எடையால் நெருக்கப்படுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதனாலேயே ஆழ்ந்த படிவுகளுக்கு நுண்ணுயிர்ப் புதைபடிவங்களும் தொல்காந்தப் பதிவுகளும் கூடுதல் சான்றுகளாகத் தேவைப்படுகின்றன.

தோபா சாம்பல்

இந்தோனேசியாவின் வடக்குச் சுமாத்திராவில் உள்ள தோபா ஏரி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. எரிமலை வெடித்து உள்ளிழிந்த பள்ளத்தில் நீர் நிறைந்து இவ்வேரி உருவாயிற்று. இங்கு நான்கு பெரும் வெடிப்புகள் அறியப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ 12 இலட்சம், 8 இலட்சம், 5 இலட்சம், 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை. கடைசி வெடிப்பின் படிவு இளைய தோபா தஃப் எனப்படுகின்றது. கடந்த 20 இலட்சம் ஆண்டுகளில் நிகழ்ந்த மிகப்பெரிய வெடிப்புகளுள் இதுவும் ஒன்று. இதில் வெளிப்பட்ட பாறைக்குழம்பு 2,800 கன கிலோமீட்டர் என 1987 இல் மதிப்பிடப்பட்டது. பின்வந்த மதிப்பீடுகள் இதனை விடக் கூடுதலாக உள்ளன. 2012 இல் வெளியான ஆர்கான் முறைக் கணிப்பு இதன் அகவையை ஏறத்தாழ 73,900 ஆண்டுகள் என்றும், 2014 இல் வெளியான மற்றொரு கணிப்பு ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் என்றும் கூறின.

வங்காள விரிகுடா, இந்தியப் பெருங்கடல், அரபிக்கடல், தென்சீனக் கடல் ஆகியவற்றின் அடிப்படிவுகளில் இச்சாம்பல் கிடைத்துள்ளது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியடியிலும் இதன் நுண்துணுக்குகள் கண்டறியப்பட்டுள்ளன. இந்தியப் பெருங்கடலின் தொண்ணூறு பாகைக் கிழக்கு முகட்டில் 1988 இல் துளையிடப்பட்ட 758 ஆம் எண் தளத்தில் தோபாவின் மூத்த வெடிப்புகளின் சாம்பல்களும் அடுத்தடுத்துக் கிடைத்தன. இதனால் அத்தளம் இப்பகுதிக்கு ஒரு மேற்கோள் ஏடு போலப் பயன்படுகின்றது.

இந்தியாவில் கண்டுபிடிப்பு

மத்தியப் பிரதேசத்தின் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த சாம்பல் அடுக்கு பற்றி 1980களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வுகள் இத்துறைக்கு இந்தியாவில் அடித்தளமிட்டன. அதன் பின்னர் மகாராட்டிராவின் போரி, மோர்காவ், ஆந்திரப் பிரதேசத்தின் சுவாலாபுரம் முதலிய பல இடங்களில் சாம்பல் அடுக்குகள் ஆராயப்பட்டன.

இவற்றுள் புனே மாவட்டத்தில் குக்டி ஆற்றங்கரையில் உள்ள போரி பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. அங்குச் சாம்பலை ஒட்டிய படிவுகளில் அச்சூலியன் வகைக் கற்கருவிகள் கிடைத்தன. சாம்பலின் அகவையே அக்கருவிகளின் காலத்தை முடிவு செய்யும் என்பதால் அதன் கணிப்பு முக்கியத்துவம் பெற்றது. முதலில் 14 இலட்சம் ஆண்டுகள் எனவும், 1995 இல் 6,70,000 ஆண்டுகள் எனவும் கணிப்புகள் வெளியாயின. ஆனால் 1998 இல் வெசுட்கேட்டும் பிறரும் கண்ணாடித் துணுக்குகளை ஆராய்ந்து, தீபகற்ப இந்தியாவின் தோபா சாம்பல்கள் அனைத்தும் 75,000 ஆண்டுக்கு முந்தைய வெடிப்பைச் சேர்ந்தவையே என்றனர். 2014 இல் துணுக்குகளின் சுவட்டுத் தனிமங்களைத் தனித்தனியே அளந்த ஆய்வும் இதே முடிவை எட்டியது. அவ்வாய்வில் கோவா தேசியக் கடலியல் நிறுவனம், சென்னை அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் பங்கேற்றனர்.

ஒரே அடுக்குக்கு 14 இலட்சம் ஆண்டுகள் என்றும் 75,000 ஆண்டுகள் என்றும் விடை வருவது இம்முறையின் இடரைக் காட்டுகின்றது. ஆற்று வெள்ளம் அள்ளி வந்த பழைய பாறைத் துகள்கள் சாம்பலுடன் கலந்திருப்பின், அவற்றின் ஆர்கானும் சேர்ந்து அளக்கப்பட்டு அகவை மிகைப்படும். மறுபுறம், ஆற்றங்கரையில் கிடைக்கும் சாம்பல் வேறிடத்திலிருந்து அடித்து வரப்பட்டுப் பழைய கருவிகளின் அருகில் சேர்ந்திருக்கவும் கூடும். அவ்வாறாயின் சாம்பலின் அகவை சரியாக இருந்தாலும் கருவிகளின் அகவையாக அது அமையாது.

சுவாலாபுரமும் மனித வரலாறும்

சுவாலாபுரம் ஆந்திரப் பிரதேசத்தில் சுர்ரேரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ளது. தோபாவிலிருந்து ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்விடத்தில் சாம்பல் அடுக்கு 2.5 மீட்டர் தடிப்பு வரை உள்ளது. வானிலிருந்து நேரடியாக விழுந்த சாம்பல் சில சென்டிமீட்டர்களே இருக்கும். மழையும் ஓடைகளும் சுற்றுப்புறச் சாம்பலைத் தாழ்நிலத்தில் கொண்டு சேர்த்ததால் இத்தடிப்பு உண்டாயிற்று.

மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் ஆகியோர் உள்ளிட்ட குழு 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாம்பலுக்குக் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்தன. ஒளிர்வு முறையில் கீழ்ப்படிவு 77,000 ஆண்டுகள் எனவும் மேற்படிவு 74,000 ஆண்டுகள் எனவும் கணிக்கப்பட்டன. இரு கருவித் தொகுதிகளும் ஒத்த தன்மை கொண்டிருந்ததால், தோபா வெடிப்பின் பின்னும் மக்கள் இப்பகுதியில் வாழ்ந்தனர் என அக்குழு முடிவு செய்தது. இவ்வெடிப்பால் உலகம் ஆண்டுக்கணக்கில் குளிர்ந்து மனித இனமே அழியும் நிலைக்குத் தள்ளப்பட்டது என்னும் 1990களின் கருதுகோளுக்கு இது ஒரு மறுப்பாக அமைந்தது. அதே வேளையில், மத்திய இந்தியாவில் காடுகள் குறைந்து புல்வெளி பெருகியதைக் காட்டும் மகரந்தச் சான்றுகளும் உள்ளன. 2020 இல் சோன் பள்ளத்தாக்கின் தாபா என்னுமிடத்திலிருந்து வெளியான ஆய்வு, ஏறத்தாழ 80,000 முதல் 65,000 ஆண்டுகள் வரை அங்குக் கருவித் தொழில் தொடர்ந்ததைக் காட்டியது.

சுவாலாபுரம் பகுதியில் இச்சாம்பல் வணிக நோக்கில் தோண்டி எடுக்கப்பட்டும் வந்துள்ளது. ஒரு முறை தோண்டப்பட்ட அடுக்கை மீண்டும் ஆராய இயலாது என்பதால் இது கருதத்தக்கது.

அந்தமான் கடலின் சாம்பல் அடுக்குகளும் மீத்தேன் ஐதரேட்டும்

மீத்தேன் ஐதரேட்டு என்பது நீர் மூலக்கூறுகள் அமைக்கும் பனிக்கட்டி போன்ற கூட்டுக்குள் மீத்தேன் வாயு அடைபட்ட திண்மமாகும். குறைந்த வெப்பமும் மிகுந்த அழுத்தமும் உள்ள ஆழ்கடலடியில் இது நிலைத்திருக்கும். ஒரு கன மீட்டர் ஐதரேட்டு சிதைந்தால் இயல்பான அழுத்தத்தில் ஏறத்தாழ 164 கன மீட்டர் மீத்தேன் வெளிப்படும். இக்காரணத்தால் இது எதிர்கால எரிபொருளாகக் கருதி ஆராயப்படுகின்றது.

இந்தியாவின் தேசிய வாயு ஐதரேட்டுத் திட்டத்தின் முதற்பயணம் 2006 ஏப்ரல் 28 முதல் ஆகத்து 19 வரை சோய்டெசு ரெசொல்யூசன் என்னும் துளையிடும் கப்பலில் நடைபெற்றது. ஐதரோகார்பன் தலைமை இயக்குநரகம், ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவைத் துறை ஆகியவை இதில் முன்னின்றன. கேரள-கொங்கணம், கிருட்டிணா-கோதாவரி, மகாநதி, அந்தமான் ஆகிய நான்கு பகுதிகளில் 21 தளங்களில் துளையிடப்பட்டது.

அந்தமானில் துளையிடப்பட்ட 17 ஆம் எண் தளத்தில் கடலின் ஆழம் 1,300 மீட்டருக்கும் கூடுதல். அங்குக் கடலடிக்குக் கீழ் ஏறத்தாழ 600 மீட்டர் ஆழம் வரை ஐதரேட்டு காணப்பட்டது. அக்காலத்தில் உலகில் அறியப்பட்டவற்றுள் மிக ஆழ்ந்த ஐதரேட்டுப் படிவுகளுள் ஒன்றாக இது அமைந்தது. இதன் தனிச்சிறப்பு, ஐதரேட்டு எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் சேர்ந்திருந்ததாகும். நுண்களிமண்ணில் துளைகள் மிகச் சிறியவை. அவற்றில் ஐதரேட்டுப் படிகம் வளர்வது கடினம். சாம்பலின் கோணலான கண்ணாடித் துணுக்குகளுக்கு இடையே உள்ள பெரிய துளைகள் அதற்கு இடமளிக்கின்றன. ஆகவே இத்தளத்தில் சாம்பல் அடுக்கு கால அடையாளமாக மட்டுமன்றி, வாயுவைத் தாங்கும் கொள்படுகையாகவும் விளங்குகின்றது.

இத்தளத்தின் படிவுகள் பின் மியோசீன் காலம் வரை செல்கின்றன. அவற்றின் முதன்மையான காலவரிசை சுண்ண நுண்மிதவை உயிர்களின் புதைபடிவங்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. தோபாவின் அறியப்பட்ட வெடிப்புகள் ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை என்பதால், அவை இத்தகைய நீண்ட உள்ளகத்தின் மேற்பகுதிக்கு மட்டுமே கால அடையாளம் தர இயலும். 2014 நவம்பர் இறுதியில் தொடங்கி 2015 சனவரியில் முடிந்த பன்னாட்டுக் கடற்பயணம் 353, பருவமழையின் வரலாற்றை அறிய அந்தமான் கடலில் 1447, 1448 ஆகிய தளங்களில் துளையிட்டது. 758 ஆம் தளத்தை அடுத்தும் அப்பயணத்தில் மீண்டும் துளையிடப்பட்டது.

அந்தமான் கடலின் அண்மைக்கால வரலாற்றுக்குப் பேரன் தீவின் சாம்பலும் உதவுகின்றது. இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான இது 1787 இல் வெடித்தது பதிவாகியுள்ளது. நீண்ட உறக்கத்தின் பின் 1991 இல் மீண்டும் உயிர்ப்புற்றது. இதன் அருகே எடுக்கப்பட்ட கடலடி உள்ளகத்தை இந்திய ஆய்வாளர்கள் ஆராய்ந்து, கடந்த 72,000 ஆண்டுகளில் படிந்த ஏழு சாம்பல் அடுக்குகளை 2010 இல் விவரித்தனர்.

எரிவாயுப் புலங்களில் பயன்பாடு

எரிவாயு தேடலில் படிவின் அகவை வெறும் அறிவு ஆர்வத்துக்குரியதன்று. வாயு உண்டான காலம், அதனைத் தாங்கும் மணற்படுகை படிந்த காலம், அதன்மேல் மூடியாக அமையும் களிப்படுகை படிந்த காலம், பொறியாக அமையும் மடிப்போ பிளவோ உண்டான காலம் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். வாயு நகர்ந்த பின்னரே மூடி உண்டாகியிருப்பின் வாயு தப்பிவிடும். பெரும் செலவில் தோண்டும் கிணறு வறண்டதாகும்.

யப்பான், தெற்கு கந்தோ புலம்: தோக்கியோவை ஒட்டிய சிபா மாநிலத்தின் அடியில் கசுசா படிவுத் தொகுதி உள்ளது. இதிலுள்ள தொல்கடல் உவர்நீரில் மீத்தேன் கரைந்துள்ளது. அந்நீரை மேலேற்றி வாயுவும் அயோடினும் பிரிக்கப்படுகின்றன. இத்தொகுதியில் எண்ணற்ற எரிமலைச் சாம்பல், நுரைக்கல் அடுக்குகள் உள்ளன. அவற்றுக்குத் தனித்தனிப் பெயரிட்டு வெளிப்பாறைகளையும் கிணறுகளையும் பொருத்துகின்றனர். இத்தொகுதியில் உள்ள பியாக்குபி என்னும் சாம்பல் அடுக்கின் சிர்க்கான்கள் ஏறத்தாழ 7,73,000 ஆண்டு அகவை கொண்டவை. புவியின் காந்தப்புலம் கடைசியாகத் திசைமாறிய காலத்தை ஒட்டிய இவ்வடுக்கின் அடித்தளமே 2020 இல் ஏற்கப்பட்ட சிபானியன் காலத்தின் எல்லையாகக் கொள்ளப்பட்டது. நீரை மிகையாக இறைத்ததால் இப்பகுதியில் நிலம் தாழ்ந்தது. தோக்கியோ நகர்ப்பகுதியில் வாயுவுக்காக நீர் இறைப்பது 1972 இல் நிறுத்தப்பட்டது. எந்தப் படுகையிலிருந்து நீர் வருகின்றது என்பதை அறிய இத்தகைய அடுக்குப் பொருத்தம் இன்றியமையாதது.

வடகடல்: ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அத்திலாந்திக் பெருங்கடல் விரிந்தபோது வெளிப்பட்ட சாம்பல், பால்டர் படிவு அமைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குகளாக உள்ளது. நில அதிர்வு அளவீட்டுப் படங்களில் தெளிவாகத் தெரியும் இது, எண்ணெய் மற்றும் எரிவாயுத் துறையினருக்கு ஒரு வழிகாட்டி அடுக்காகும்.

கிருட்டிணா-கோதாவரிப் படுகை: இங்குச் சாம்பலுக்கு மாறாக எரிமலைக் குழம்புப் பாறையே கால அடையாளமாக உள்ளது. தக்காணத்தில் வெளிப்பட்ட குழம்பு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடி இராசமகேந்திரி வரை சென்றது எனக் கருதப்படுகின்றது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் கிணறுகளில் இப்பாறைகளுக்கு இடையே கிடைத்த கடற்படிவுகளின் நுண்புதைபடிவங்களை ஆராய்ந்த கெர்ட்டா கெல்லரும் பிறரும், தக்காண எரிமலைச் செயல்பாட்டை 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவுடன் தொடர்புபடுத்தி 2011 இல் முடிவுகளை வெளியிட்டனர். எரிபொருள் தேடித் தோண்டிய கிணறு உயிரின வரலாற்றுக்குச் சான்றளித்த நிகழ்வாக இது குறிப்பிடத்தக்கது.

வரம்புகள்

எரிமலைக் கண்ணாடி நிலைத்த பொருள் அன்று. வெப்பமும் உவர்நீரும் நீண்ட காலம் தாக்கும்போது அது களிமண் கனிமங்களாகவும் சியோலைட்டுகளாகவும் மாறும். அதன்பின் கண்ணாடியின் வேதியியல் கைரேகை அழிந்துவிடும். சிர்க்கான் போன்ற உறுதியான படிகங்களையே நம்ப வேண்டும்.

கடலடியில் புழுக்களும் பிற உயிர்களும் துளையிடுவதால் மெல்லிய அடுக்குகள் கலைந்து பல சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரவும். கடலடிச் சரிவுகள் அடுக்கை இருமுறை தோன்றச் செய்யவோ முற்றிலும் நீக்கவோ கூடும். ஒரே எரிமலையின் அடுத்தடுத்த வெடிப்புகள் ஒத்த இயைபு கொண்டிருப்பின் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் தவறு நேரலாம். எனவே இம்முறை தனித்து நிற்பதில்லை. புதைபடிவம், தொல்காந்தம், ஆக்சிசன் ஓரிடத்தான் ஆகிய சான்றுகளுடன் சேர்த்தே முடிவு செய்யப்படுகின்றது.

தமிழகத்தில் காலக்கணிப்பு

சாம்பல் அடுக்கின் துணை கிடைக்காத இடங்களில் பிற முறைகள் கையாளப்படுகின்றன. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் 1863 இல் இராபர்ட் புரூசு ஃபூட் கண்டறிந்த தொல்லிடத்தை சாந்தி பப்புவும் குழுவினரும் ஆராய்ந்தனர். அங்குள்ள அச்சூலியன் கருவிகளின் காலம், விண்கதிர்களால் கல்லில் உண்டாகும் ஓரிடத்தான்களின் சிதைவைக் கொண்டு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011 இல் கணிக்கப்பட்டது. அவ்விடத்தின் இடைப் பழங்கற்காலப் படிவுகள் ஒளிர்வு முறையில் 3,85,000 ஆண்டுகள் என 2018 இல் கணிக்கப்பட்டன. காவிரிப் படுகையின் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் கிரீத்தேசியக் காலப் படிவுகளின் அகவை பெரிதும் நுண்புதைபடிவங்களைக் கொண்டே அறியப்படுகின்றது. அரியலூர்ப் பகுதியில் அதே காலப் படிவுகள் நிலத்தின் மேலேயே வெளிப்பட்டுள்ளதால் இரண்டையும் ஒப்பிட முடிகின்றது.